மொட்டை மாடியில் ஒரு மும்பை வீடு

சண்முகவடிவின் விரலிடுக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கோலப்பொடி, மாடித் தரையில் கோடாக வரைந்துகொண்டிருந்த ஹாலின் கிழக்குச் சுவர் பாதிக்கு வந்ததும் நின்றுபோனது. கை அந்தரத்தில் அப்படியே இருந்தது. பிடித்த பொடி பிடித்தபடி இருந்தது. விழவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்த போனிலிருந்து, மும்பையில் இருக்கும் புருஷன் கோமதிநாயகம் போய்விட்டிருந்தான், 'சூப்பர்வைசர் கூப்பிடுதாரு, வைக்கேன்' என்று. அதற்கு முன்னால் சொன்ன வார்த்தை மட்டும் அவனோடு போகாமல் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. அவன் கேட்டது சாதாரணமாகத்தான். 'அந்தச் சன்னலோர மூலை இருக்குல்லா, அங்கன என்ன வைக்கப்போற?' இவள் சொன்னதும் சாதாரணமாகத்தான். 'அது மயினி படுக்க இடம்லா.' அதற்கு அவன், கடையில் ஏதோ சாமான் தீர்ந்துபோனதைச் சொல்கிற மாதிரி, 'அக்காவா? அக்காதான் வரலையே. உங்கிட்ட சொல்லலையா அவ? போன வாரமே எங்கிட்ட சொல்லிட்டாளே' என்றான். அவ்வளவுதான். வரலையே. சுவர் இங்கே பாதியில் நிற்கிறது. எதிரே, நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வரப்போகாத மயினி குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். கோமதிநாயகத்தின் அக்கா உலகம்மாள். நூலை ஒரு வெட்டு வெட்டி இழுத்து, 'ஏ பிள்ள, இழுத்துப் பிடி. சுவரு கோணுது. கோணச் சுவத்துக்கும் சேத்தா வாடகை குடுப்ப?' என்று சிரித்தாள். வடிவும் சிரித்தாள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது, முகத்தில் ஏதோ இழுபட்டதே, அது சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும். வெயில் இறங்கிய மாடித் தளத்தில் தெளித்த தண்ணீர் காய்ந்துகொண்டே வந்தது. உள்ளங்காலில் சூடு ஏறியது. பொடி மறுபடியும் விழ ஆரம்பித்தது. தானாகத்தான் விழுந்தது.

சொல்லலையா உன்கிட்ட. இல்லை, சொல்லவில்லை. காலையில் காப்பி ஆற்றும்போது சொல்லவில்லை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு கதை பேசினார்களே, அப்போது சொல்லவில்லை, மத்தியானம் இரண்டு பேரும் ஒரே மின்விசிறிக்குக் கீழே தலைமாடு கால்மாடாகப் படுத்துக்கிடந்தபோது சொல்லவில்லை. அதுகூடப் போகட்டும். இந்த மாடியில் வீடு வரைகிற யோசனையே மயினியுடையதுதானே! பாளையங்கோட்டையிலிருந்து மும்பைக்குச் சாமான் ஏற்றுவதென்றால் எதை ஏற்றுவது, எதை விற்பது என்று வடிவு இரண்டு நாளாகக் கட்டிலையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோமதிநாயகம் அந்த வீட்டை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். 'இதான் ஹாலு' என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அடுப்படி வந்துவிட்டது, 'இதான் கிச்சனு' என்பதற்குள் குளியலறைக் கதவில் கேமரா முட்டியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மயினி சொன்னாள், 'படத்துல பாத்தா பெருசாவும் தெரியும் சிறுசாவும் தெரியும். அவன்கிட்ட அளவு கேளு. கோலப்பொடி கெடக்கு, மாடி கெடக்கு. உள்ளபடிக்குப் போட்டு உள்ள நின்னு பாத்துருவோம், வா.' தன் கையாலேயே மாடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். தையல்பெட்டியிலிருந்து நாடாவையும் நூல்கண்டையும் எடுத்து வந்தாள். அப்போதும் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தெளித்தாள். தெரிந்துகொண்டே, 'எனக்கு அந்தச் சன்னலோரத்த ஒதுக்கிரு, காத்தாவது வரட்டும்' என்றாள். ஐயோ, அதைச் சொன்னாளே! சொன்னாளா, இல்லை வடிவுதான் 'ஒங்களுக்குச் சன்னலோரம் மயினி' என்று சொல்லி அவள் தலையாட்டினாளா? யோசித்துப் பார்த்தால் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த மாதிரி இல்லை. ஆட்டிய தலைதான் ஞாபகம் வருகிறது. ஆட்டினாளா, இல்லை அதுவும் ஈரத் தளத்தில் கண் கூசியதுதானா? இரத்தம் எடுக்கிற வேலை வடிவுக்கு. லேபுக்கு வருகிற சிலபேர் கையில் நரம்பு தட்டுப்படாது. கட்டின ரப்பர் நாடாவுக்குக் கீழே விரலை வைத்துப் பையப் பையத் தேடவேண்டும், இதோ இருக்கிறது என்று தோன்றும், அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். போன ஒரு வாரத்தையும் அவள் அப்படித்தான் இப்போது விரலால் தடவினாள். எங்கே, எந்த நாளில், எந்தப் பேச்சுக்குக் கீழே அது ஓடிக்கொண்டிருந்தது?

ஒருவேளை அந்த வடாம் பேச்சா? ஞாயிற்றுக்கிழமை மயினி வடாம் பிழிய மாவு கிண்டினாள், மும்பைக்குக் கொண்டுபோக. வடிவு லேபிலிருந்து வந்த களைப்பில், 'அங்க போயி இதெல்லாம் வைக்க இடம் ஏது மயினி, நாமளே நின்னுக்கிட்டுத்தான் தூங்கணும் போலிருக்கு' என்று சொல்லிவிட்டாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். மயினியும் சிரித்தாள், 'தூங்கும்போது கீழ விழாம ஒன்ன ஒருத்தர் புடிச்சுக்கிடணும்லா, நான் புடிச்சுக்கிடுதேன்' என்றுகூடச் சொன்னாள். அது ஞாயிறு. தம்பியிடம் சொன்னது எப்போது? போன வாரம் என்றானே, போன வாரம் என்றால் ஞாயிற்றுக்கு முந்தியா பிந்தியா? முந்தி என்றால் வடாம் தப்பித்தது. முந்தி என்றால், வரப்போகாதவள் எதற்கு வடாம் பிழிந்தாள்? அல்லது அவனேதான் சொன்னானோ. வரவேண்டாம் என்று சொல்லியிருப்பானோ. அக்கா, அங்க ரெண்டு சம்பளத்துலயும் மூச்சு முட்டும், வீடு உள்ளங்கை அகலம், நீ கொஞ்ச நாள் கழிச்சு வா என்று, மெதுவாக, பேச்சுவாக்கில், அவனுக்கே அது தெரியாத மாதிரி. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. இல்லையா? பத்துப் பேரோடு ஓர் அறையில் படுத்துக்கொண்டு, ஒரு வீட்டுக்காக நாயாக அலைந்து, ஒவ்வொரு வீட்டுக்காரனும் எத்தனை பேர், எத்தனை பேர் என்று கேட்கக் கேட்க, மனிதன் வேறு மாதிரி ஆகமாட்டானா? போன மாதம் ஒரு வீட்டுக்காரன், பெரியவர்கள் மூன்று பேர் என்றதும் சாவியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் என்று சொன்னானே. அன்றைக்கு அவன் குரல் எப்படி இருந்தது? மறுபடியும் வழுக்கிக்கொண்டு ஓடியது. 'ஏங்க, நீங்களா சொன்னீங்க, மயினியா சொன்னாங்க' என்று இப்போதே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிழக்குச் சுவர் முடிந்துவிட்டது. மயினி நூலைத் தூக்கிக்கொண்டு அடுத்த மூலைக்கு நடந்தாள். சுவரைத் தாண்டிப் போகவில்லை, வாசலுக்காக விட்டிருந்த இடைவெளி வழியாக வெளியே போய், சுற்றி வந்து நின்றாள்.

'இது அடுப்படியா? இதுக்குள்ளயா நீ தோச சுடப்போற? தோசைய வட்டமாப் போடாத, நீட்டமாப் போடு, அப்பத்தான் கொள்ளும்.' மயினி அடுப்படிக்குள் நின்று இரண்டு முழங்கையையும் விரித்துப் பார்த்தாள். இரண்டும் சுவருக்கு வெளியே போயின. 'உப்பு ஜாடி இந்தப் பக்கம் வச்சுக்க. வலது கைக்கு வாகா இருக்கணும். அப்புறம் பிள்ள, நீ எதுக்கும் கேட்டுக்க, அங்க வடக்கு எது? வடக்க தல வச்சுப் படுத்துராதீங்க. ஒம் மாப்பிள்ளைக்குக் கிழக்கு மேற்கு தெரியாது, சின்னதுல பள்ளிக்கூடம் போறேன்னுட்டு ஆத்தங்கரையில போயி நின்னவன்.' படுத்துராதீங்க. படுத்துராதீங்க என்கிறாளே, படுத்துரக்கூடாது என்றல்லவா சொல்லவேண்டும், நம்ம என்றல்லவா வரவேண்டும். வடிவுக்குக் காது விடைத்துக்கொண்டது. உப்பு ஜாடியை வச்சுக்க என்றாள், வச்சுக்கிடுவோம் என்று சொல்லவில்லை. எத்தனை நாளாக இப்படிப் பேசிக்கொண்டிருக்கிறாள்? ஒரு வாரமாக இந்த வீட்டில் ஒருத்தி வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள், இன்னொருத்தி அதுகூடத் தெரியாமல் அவளுக்கும் சேர்த்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்புறம்தான் பூரணி ஞாபகம் வந்தாள். பெரிய லீவுக்குக் கடையநல்லூரில் வடிவின் அம்மா வீட்டில் இருக்கிறாள் மகள், மாம்பழம் தின்று வாயோரம் புண்ணாகிவிட்டதென்று காலையில்தான் போனில் சொன்னாள். பிறந்த மூன்றாம் நாளிலிருந்து மயினிதான் அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். வடிவுக்கு நைட் டூட்டி இருந்த நாளெல்லாம் பிள்ளை மயினியின் சேலை முந்தானையை முறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். மும்பையில் ஒரு லேபில் வடிவை வரச்சொல்லிவிட்டார்கள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு இரத்தம் எடுக்க விடிவதற்குள் போய் நிற்கவேண்டும். அவன் போவது அவளுக்கும் முன்னால். பிள்ளையை எழுப்பி, தலை பின்னி, பால் கொடுத்து, பள்ளிக்கூட வண்டியில் ஏற்ற மயினி இருக்கிறாள் என்றுதான் அந்த வேலைக்குச் சரி என்றாள். அந்த வேலை இருக்கிறது என்றுதான் அந்த வீட்டுக்குச் சரி என்றார்கள். இப்போது மயினி இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் அந்த வாடகைக்கு வீடு இல்லை. அதற்கெல்லாம் முந்தி, பிள்ளை கழுத்தில் சாவியைக் கட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் தனியாக நிற்கிறாள், எட்டாத பொத்தானைப் பார்த்துக்கொண்டு. பாஷை தெரியாத யாரோ ஒருவன் உள்ளே ஏறுகிறான். கதவு மூடுகிறது. வடிவு தலையை உதறினாள். பொடி சிதறிக் குளியலறைக்குள் விழுந்தது. 'என்னட்டி, பூச்சியா?' என்றாள் மயினி. 'ஆமா மயினி, பூச்சி' என்றாள்.

இப்போதே சொல்லிவிடவேண்டும். 'மயினி, நீங்க வரலைன்னு அவங்க சொல்லுதாங்க, என்ன இது, அதெல்லாம் கிடையாது, நீங்க வரணும், வந்துதான் ஆகணும்.' வார்த்தை எல்லாம் வரிசையாக நின்றது. ஆனால் எதை முதலில் சொல்வது? வரணும் என்றால், எதற்கு என்று கேட்பாளே. பூரணிக்கு என்றால், அப்போ பிள்ளை பார்க்கத்தானா நான் என்று ஆகிவிடும். அப்படிக் கேட்கமாட்டாள், மயினி அப்படிக் கேட்கிறவள் இல்லை. ஆனால் நினைத்துக்கொள்வாள். அவள் நினைத்தது கடைசிவரைக்கும் நமக்குத் தெரியாது. வீ.கே.புதூரில் வாழப்போன இடத்திலிருந்து ஒருநாள் கையில் ஒரு பையோடு திரும்பி வந்தவள் அவள். ஏன் வந்தாள் என்று இன்றுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை, கல்யாணமாகி வடிவு இந்த வீட்டுக்குள் வந்தபோது அடுப்படியில் நின்று 'வா பிள்ள, பால் பொங்கப்போவுது, அத எறக்கு' என்று சொன்ன ஆள் அவள்தான். அதற்கு முந்திய கதை கிடையாது. நமக்காக வா என்றால் மட்டும் போதுமா? நமக்கு நீங்கள் வேண்டும் மயினி. வேண்டும் என்பதற்கும் தேவை என்பதற்கும் நடுவில் எங்கே கோடு போடுவது? கட்டில் போடவேண்டும். ஹாலில் மேற்குப் பக்கம் கட்டில். போட்டாள், நாலு கோடு. பூரணியின் படிப்பு மேசை, மடக்குகிற மேசைதான், சின்னக் கட்டம். போட்டாள். தலைவாசல் உள்பக்கம் திறக்கும் என்று சொல்லியிருந்தான், கதவு வரும் இடத்துக்கு ஒரு வளைவு. போட்டாள். தையல் மிஷின் வேண்டாம், விற்றுவிடலாம். பிள்ளை தனியாக இருக்கும் நேரத்துக்கு யாராவது பக்கத்து வீட்டு அம்மா கிடைப்பாளா, நம்ம ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் நிறைய என்று சொன்னானே, மாதம் ஏதாவது கொடுத்தால் பார்த்துக்கொள்ளமாட்டார்களா? லேபில் கேட்டால் மத்தியான ஷிப்ட் தரமாட்டார்களா, காலையில் பிள்ளையை அனுப்பிவிட்டுப் போகலாம். அவன் சாயங்காலம் வந்துவிடுவானே. அப்படிப் பார்த்தால். அப்படிப் பார்த்தால் என்ன? அப்படிப் பார்த்தால் ஒன்றும் இடிந்துபோகவில்லை. மயினி இல்லாமலும் ஒரு மாதிரி ஓட்டிவிடலாம். மூச்சு கொஞ்சம் சீராக இறங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு அவனும் அவளும் பிள்ளையும் மட்டும். நடு ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்தால் ஆளைத் தாண்டவேண்டியதில்லை. இருமல் சத்தம் இல்லை. நல்ல காற்று வரும், சன்னலோரம். என்ன யோசிக்கிறோம் என்று திடுக்கென்று அவளுக்கே தெரிந்தபோது, கை நின்றது. கீழே பார்த்தாள்.

சின்ன வயதிலிருந்து கோலம் போடுகிறவள் வடிவு. மார்கழியில் தெருவை அடைத்துப் போடுவாள். கோலம் போடுகிற கைக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு மூலையில் மூன்று நிறைந்து ஒன்று வெறுமையாகக் கிடந்தால் அந்தக் கைக்குப் பொறுக்காது. மனசு வேறெங்கேயோ நின்றாலும் கை அதுபாட்டுக்குப் போய் ஒரு தாமரையையோ ஒரு மாங்காயையோ அங்கே போட்டு நிறைத்துவிட்டுத்தான் ஓயும். சன்னலோர மூலையில் இப்போது ஒரு நீளக் கட்டம் இருந்தது. நாலு கோடும் பிசிறில்லாமல், இழை இழையாக. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, இரட்டைக் கதவுக்கு. ஒரு புள்ளிகூட வைத்திருந்தாள், கைப்பிடிக்கு. பீரோ. அவளுடைய கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக்கொடுத்த பச்சை பீரோ, இரண்டு நாளாக எங்கே வைப்பது, எங்கே வைப்பது என்று அலைக்கழித்த பீரோ. அது போய்ப் பொருந்திவிட்டது. எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது! வடிவு வெயிலில் நிற்கிறாள், கைமயிர் எல்லாம் எழுந்து நிற்கிறது. யார் போட்டது இதை? என் கையா? போன் வைத்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், தெளித்த தண்ணீர்கூட இன்னும் முழுதாகக் காயவில்லையே. அதற்குள் ஒரு மனுஷியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு ஒரு பீரோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனா? அழித்துவிடவேண்டும். காலால் தேய்த்தால் போதும். காலைத் தூக்கினாள். அதற்குள் மயினி அளவு நாடாவைச் சுருட்டியபடி வாசல் வழியாக ஹாலுக்குள் வந்துவிட்டாள்.

வந்தவள் கட்டிலைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், 'கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவுல ஆளு போலாம், பரவால்ல' என்றாள். பிறகு சன்னலோரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்த விரல்தான் கொஞ்சம் நிதானமாகியது. 'தம்பி சொல்லிட்டானாக்கும்' என்றாள். மயினி கட்டிலுக்குள்ளேயே, கட்டில் என்று போட்டிருந்த கோட்டுக்குள், தரையில் உட்கார்ந்துகொண்டாள். 'நானே சொல்லணும்னுதான் இருந்தேன் பிள்ள. தினமும் காலையில எந்திரிக்கும்போது இன்னைக்குச் சொல்லிரணும்னு எந்திரிப்பேன். உம் மூஞ்சியப் பாத்ததும் வராது. அந்த வீட்டப் பாத்தேன்லா, நாலு பேரு உள்ள நின்னா ஒருத்தர் விட்ட மூச்சத்தான் இன்னொருத்தர் இழுக்கணும். நீங்க மூணு பேரு நல்லாருங்க. நான் இங்கன கீழவீட்டு சின்ன ரூம்ப வாங்கிக்கிடுதேன், அவுக தாரேன்னு சொல்லிட்டாக. ரெண்டு வீட்டுல சமைக்கக் கூப்பிடுதாக.' சொல்லிவிட்டு முழங்காலில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டினாள். 'அவன்கிட்ட சொல்லுததுல எனக்கு ஒன்னும் இல்ல. அவன் ம்ம்னு கேட்டுக்கிடுவான். உங்கிட்ட சொல்லத்தான் பயம். நீ அழுவ, விடமாட்ட, சாப்பிடாமக் கெடப்ப, மும்பையே வேண்டாம்னு உக்காந்துருவ. நீ அப்படி உக்காந்தா நான் சரின்னுருவேன், எனக்கு என்னைய தெரியும்லா. அதான், ஒரு வாரமா பயந்து பயந்து செத்தேன்.' மறுபடியும் அந்தப் பீரோவைப் பார்த்தாள், இரட்டைக் கதவை, கைப்பிடிப் புள்ளியை. பொக்கென்று ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு. 'வீணாப் பயந்துருக்கேன் பாரு' என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கலாம். அவள் உண்மையாகவே தன்னைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

'மயினி, அது நான் போடல, கை தானா…' என்றாள் வடிவு. சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது. 'தானாத்தான் போடும், கோலம் போடுற கையில்லா அது' என்று மயினி எழுந்து வந்து, பீரோவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை பொடி எடுத்தாள். 'ஆனா கதவு தொறக்கணும்லா. கட்டில இப்படி நெருக்கிப் போட்டா சேலைய எப்படி எடுப்ப?' வடிவு போட்டிருந்த கட்டிலின் ஒரு பக்கத்தைப் புறங்கையால் அழித்தாள், ஒரு சாண் உள்ளே தள்ளி நேராக இழுத்தாள். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம் வந்தது. 'நீங்க வரணும் மயினி' என்றாள் வடிவு. ஒருவழியாக வந்துவிட்டது. மயினி தலையைத் தூக்காமல், கோட்டை முடித்துக்கொண்டே, 'வராம? பூரணிக்கு அடுத்த லீவு விடட்டும், வாரேன். வந்து ஒரு வாரம் இருந்துட்டு வருவேன்' என்றாள். தம்பி வீட்டுக்கு வருகிற அக்கா எப்படிச் சொல்வாளோ அப்படி. வடிவு ஹாலின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். போன் மறுபடியும் அடித்தது, அவன்தான். எடுக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை முந்தியே சொல்லியிருக்கலாம். போன் வைத்த உடனே சொல்லியிருக்கலாம். அரைச் சுவரும் ஓர் அடுப்படியும் ஒரு குளியலறையும் கட்டி முடிக்கிற அளவுக்கு நேரம் இருந்தது.